கேளுங்க, பேசுவோம்: பிளேட்டோவுல இருந்துதான் ஆரம்பிக்கணுமா?

போன இதழ்ல, மேற்கத்திய அரசியல் தத்துவ வரலாறைத் தானா படிக்கிறவங்க, படிக்க நினைக்கிறவங்க கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு ஓரமா ஒரு வரி போட்டிருந்தோம். யாரும் கண்டுக்க மாட்டாங்கன்னு எடிட்டர் சொன்னார். என்எஸ்ல, அதாவது சிங்கப்பூர்க் கட்டாய ராணுவ சேவையில, இருக்கிற தம்பியில ஆரம்பிச்சு பேரப்பிள்ளை எடுத்தவங்க வரைக்கும் எழுதியிருக்கீங்க, அவர் இப்ப பேசறதில்ல. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துட்டேன், பெயரை எடுத்துட்டு ஊரை மட்டும் விட்டிருக்கேன்.

*

கேள்வி: அங்கிள், என்எஸ் முடிய இன்னும் கொஞ்ச மாசம்தான் இருக்கு, அப்புறம் யூனில பொலிட்டிக்கல் சயின்ஸ். முன்னாடியே தயாராகலாம்னு பிளேட்டோவோட ரிபப்ளிக் வாங்கினேன், கேம்ப்ல பங்க்ல படுத்துக்கிட்டு படிப்பேன், ரெண்டு பக்கத்துல தூக்கம் வந்துடுது. வரிசையா பிளேட்டோல இருந்து போன நூற்றாண்டு ரால்ஸ் வரைக்கும் படிச்சாத்தான் ஆகுமா? (சுவா சூ காங்)

பதில்: தம்பி, ரிபப்ளிக்கை இப்போதைக்கு மூடி வைங்க. பத்து பாகம், உள்ள சங்கீதம் வருது, கணக்கு வருது, ஆன்மா வருது, செத்ததுக்கு அப்புறம் என்ன ஆகும்னு கதை வருது, பழக்கம் இல்லாம நுழைஞ்சா எங்க நிக்கிறோம்னே தெரியாது. அதே பிளேட்டோ எழுதின க்ரைட்டோன்னு ஒரு குட்டி உரையாடல் இருக்கு, அதுல ஆரம்பிங்க. நீங்க சுவா சூ காங்ல ஏறி டவுன் போய் இறங்கறதுக்குள்ள படிச்சிடலாம்.

கதை இதுதான். கி.மு. 399. ஏதென்ஸ்காரங்க எழுபது வயசு சாக்ரடீஸுக்கு மரண தண்டனை கொடுத்துட்டாங்க. டெலோஸ் தீவுக்குப் போன புனிதக் கப்பல் திரும்பி வர்ற வரைக்கும் ஊர்ல யாருக்கும் தண்டனை நிறைவேத்தக் கூடாதுன்னு வழக்கம், அதனால ஜெயில்ல காத்திருக்கார். கப்பல் நெருங்கிடுச்சுன்னு தெரிஞ்சதும் விடியறதுக்கு முன்னாடியே பழைய சிநேகிதர் க்ரைட்டோ வந்து, எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு, கொடுக்க வேண்டியவங்களுக்குக் காசும் ரெடி, கிளம்புங்கன்னு கெஞ்சறார். சாக்ரடீஸ் மாட்டேங்கறார். ஏதென்ஸோட சட்டங்களே நேர்ல வந்து நின்னு தன்னைக் கேள்வி கேக்கற மாதிரி பேசிக் காட்டறார்: எங்க நிழல்ல பொறந்த, வளர்ந்த, பிள்ளைங்களையும் இங்கேயே பெத்த, எங்களைப் பிடிக்கலேன்னா மூட்டை முடிச்சோட எங்க வேணா போயிருக்கலாம், யாரும் தடுக்கல, நீ போகல, அப்ப எங்க பேச்சைக் கேக்கறேன்னு ஒத்துக்கிட்டதாத்தானே அர்த்தம்?

இதைப் படிச்ச சூட்டோட அபாலஜி படிங்க, அதாவது கோர்ட்ல அவர் பேசினது. அங்க என்ன சொல்றார்னா, தத்துவம் பேசறதை நிறுத்தினா விட்டுடறோம்னு நீங்க சொன்னாலும் நான் நிறுத்த மாட்டேன்ங்கறார். முப்பது பேர் சர்வாதிகாரம் நடத்தின காலத்துல, லியோன்ங்கற ஆளைப் பிடிச்சுட்டு வாங்கன்னு அஞ்சு பேருக்கு உத்தரவு வந்தப்ப, மத்த நாலு பேரும் போனாங்க, நான் நேரா வீட்டுக்குப் போயிட்டேன்னும் சொல்றார். சட்டத்துக்காகச் சாகறேன்னு ஜெயில்ல சொன்னவரும் இந்த உத்தரவுக்கெல்லாம் பணிய மாட்டேன்னு கோர்ட்ல சொன்னவரும் ஒரே ஆள். ரெண்டும் எப்படிப் பொருந்தும்? இன்னைக்கு வரைக்கும் அறிஞர்கள் இதுக்காக அடிச்சுக்கறாங்க. யாரோட விளக்கத்தையும் பாக்கறதுக்கு முன்னாடி நீங்களா ஒரு பக்கம் எழுதிப் பாருங்க. உத்தரவுன்னா என்னன்னு என்எஸ்ல இருக்கிற உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும்.

வரிசை பத்திக் கேட்டீங்க. எம்ஆர்டில பக்கத்து சீட்டுக்காரர் போன்ல சத்தமா சண்டை போட்டுக்கிட்டு வருவார் பாருங்க, நமக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கேக்கும், அந்தப் பக்கம் மனைவியா, முதலாளியா, பேங்க்கான்னு தெரியாது, பழைய அரசியல் நூல் எல்லாமே அப்படி நமக்குக் கேக்கற பாதிப் பேச்சுதான். அதனால யாரை எடுத்தாலும் மொதல்ல, இவர் யார்கிட்ட சண்டை போடறார்னு கண்டுபிடிங்க. மத்தபடி என் சிபாரிசு: க்ரைட்டோ, அபாலஜிக்கு அப்புறம் ரிபப்ளிக்ல முதல் ரெண்டு பாகம் மட்டும், அதுல நீதிங்கறது பலசாலிக்கு எது லாபமோ அதுதான்னு திராசிமாக்கஸ் கத்துவார், அது ஒண்ணுக்கே காசு சரியாப் போச்சு, பிறகு அரிஸ்டாட்டிலோட பாலிடிக்ஸ்ல ஒண்ணாவது மூணாவது பாகம், அங்கிருந்து தைரியமா இத்தாலிக்காரர் மாக்கியவெல்லிக்குத் தாவுங்க. நடுவுல ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல விட்டுப் போகுதேன்னு கவலைப்படாதீங்க, அந்த இடைவெளியில வர்ற கிறிஸ்தவ சிந்தனையாளர்கள் அகஸ்டினும் அக்வைனாஸும் எங்கேயும் போக மாட்டாங்க, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர் ஹாப்ஸைப் படிக்கும்போது அவங்க தேவைப்படுவாங்க, அப்ப திரும்பி வாங்க.

*

கேள்வி: நான் டாக்சி ஓட்டுறேன். தமிழ்லதான் சரளமாப் படிப்பேன், இங்கிலீஷ் பேப்பர் படிக்கிற அளவு வரும். இதெல்லாம் நமக்கு எட்டுமா? (உட்லண்ட்ஸ்)

பதில்: அண்ணே, தாராளமா. வெ. சாமிநாத சர்மா பேரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? 1895ல பொறந்து 1978ல மறைஞ்சவர். பிளேட்டோவோட ரிபப்ளிக்கை பிளேட்டோவின் அரசியல்னும், ரூசோவை சமுதாய ஒப்பந்தம்னும் தமிழுக்குக் கொண்டு வந்தார். கிரேக்க வரலாறும் எழுதியிருக்கார், அதை மொதல்ல படிச்சீங்கன்னா பிளேட்டோ பாதி புரிஞ்ச மாதிரி. இன்னொண்ணு, இவர் நம்ம பக்கத்து ஆளும்கூட. ரங்கூன்ல இருந்து ஜோதின்னு பத்திரிகை நடத்தினார், 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப பர்மாவுல இருந்து நடந்தே இந்தியாவுக்குத் திரும்பின கூட்டத்துல அவரும் ஒருத்தர். அரசாங்கம்னு ஒண்ணு இல்லாமப் போனா மனுஷங்க எப்படி ஆவாங்கன்னு ஹாப்ஸ் கற்பனையில எழுதினதை இவர் வழியில கண்ணால பாத்திருப்பார்.

அவர் புத்தகமெல்லாம் நாட்டுடைமை ஆயிடுச்சு, இணையத்துல இலவசமாவே கிடைக்குது. நடை கொஞ்சம் பழசு, முதல் இருபது பக்கம் பொறுத்துக்கணும். இங்கிலீஷ்ல முயற்சி பண்றதா இருந்தா, ஜொனத்தன் பென்னட்ங்கற தத்துவப் பேராசிரியர் ஹாப்ஸ், லாக், ஹ்யூம், மில் இவங்களையெல்லாம் இன்னைக்குப் பேசற எளிய இங்கிலீஷுக்கு மாத்தி இணையத்துல சும்மா கொடுத்திருக்கார், பேப்பர் படிக்கிற இங்கிலீஷ் அதுக்குப் போதும். யூனி பிள்ளைங்களே ரகசியமா அதைத்தான் படிக்குதுங்க.

*

கேள்வி: எங்க ஆபீஸ்ல மேனேஜர் ஒருத்தர் மீட்டிங்னா மாக்கியவெல்லி சொன்னார், மாக்கியவெல்லி சொன்னார்ன்னு ஆரம்பிச்சு எல்லாரையும் மிரட்டுறார். அந்த ஆள் நெசமாவே அவ்ளோ கெட்டவரா? மாக்கியவெல்லியைக் கேக்கறேன். (தெம்பனிஸ்)

பதில்: உங்க மேனேஜர் மாக்கியவெல்லியோட பிரின்ஸ் புத்தகத்தைப் பதினேழாவது அத்தியாயத்துல முதல் பாதியோட நிறுத்திட்டார்னு நினைக்கிறேன். நேசிக்கப்படறது, பயப்படப்படறது ரெண்டும் சேர்ந்து கிடைக்கலேன்னா பயம்தான் பத்திரம்னு மாக்கியவெல்லி சொன்னது உண்மை. ஆனா உடனே அடுத்து, வெறுப்பை மட்டும் சம்பாதிச்சுக்காதே, அடுத்தவன் சொத்துல கை வைக்காதே, மனுஷன் அப்பன் செத்ததைக்கூட மறந்துடுவான், அப்பன் சொத்து போனதை மறக்க மாட்டான்னு எழுதறார். போனஸ்ல கை வைக்கிற மேனேஜருக்கு இந்த இடத்தை வாசிச்சுக் காட்டுங்க, ஆனா வேற வேலை பாத்து வச்சுக்கிட்டு காட்டுங்க.

ஆள் யாருன்னு பாத்தா, 1498ல இருந்து 1512 வரைக்கும் ஃபிளாரன்ஸ் குடியரசுல அதிகாரியா இருந்தவர், தூதரா ஊர் ஊராப் போனவர். 1512ல மெடிச்சி குடும்பம் திரும்பி ஆட்சிக்கு வந்ததும் வேலை போச்சு. அடுத்த வருஷமே சதியில பங்குன்னு சந்தேகப்பட்டு ஜெயில்ல போட்டு, கையைப் பின்னால கட்டி கயித்துல தூக்கி விட்டு சித்திரவதை பண்ணாங்க. வெளிய வந்து ஊருக்கு வெளிய இருக்கிற பண்ணையில உக்காந்து எழுதினதுதான் பிரின்ஸ். 1513 டிசம்பர் 10ல வெட்டோரிங்கற நண்பருக்கு எழுதின லெட்டர் கிடைச்சிருக்கு, பகல்ல சாராயக்கடையில ஊர்க்காரங்களோட சீட்டாடி சண்டை போடறேன், ராத்திரி வீட்டுக்கு வந்து அழுக்குத் துணியைக் கழட்டிட்டு அரண்மனை உடுப்பு போட்டுக்கிட்டு பழங்காலத்து மனுஷங்களோட பேசப் போறேன், நாலு மணி நேரம் எந்தக் கவலையும் தெரியலன்னு எழுதியிருக்கார். அரசியல் தத்துவம் படிக்கிறதைப் பத்தி இதைவிட நல்லா யாரும் சொன்னதா எனக்குத் தெரியல.

புத்தகத்தை யாருக்குக் கொடுத்தார்? தன்னைச் சித்திரவதை பண்ண அதே குடும்பத்துக்கு, வேலை கேட்டு. வேலை கிடைக்கல. 1527ல செத்தார், புத்தகம் அச்சானது 1532லதான். ஆனா அவரைப் பத்தித் தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி, ரோமாபுரிக் குடியரசைப் பத்தி அவர் எழுதின டிஸ்கோர்சஸையும் பாருங்க. அதுல மக்கள் கூட்டம் ராஜாவைவிட நிதானமானது, நிலையானதுன்னு வாதாடறார். ராஜாவுக்கு அட்வைஸ் பண்ணவரும் குடியரசை நேசிச்சவரும் ஒருத்தரேதான், எப்படின்னு யோசிக்க வேண்டியது நம்ம வேலை.

*

கேள்வி: பதினெட்டு வருஷமா இங்க பிஆர், நிரந்தரவாசி. வரி கட்டுறேன், மகன் அடுத்த வருஷம் என்எஸ் போறான், ஆனா எனக்கு ஓட்டு கிடையாது. மகனோட ஜூனியர் காலேஜ் நோட்ஸ்ல சமூக ஒப்பந்தம்னு, மக்கள் ஒத்துக்கிட்டதாலதான் அரசாங்கத்துக்கு அதிகாரம்னு படிச்சேன். நான் எந்த ஒப்பந்தத்துலயும் கையெழுத்துப் போடலையே? சிட்டிசனாப் பொறந்தவங்களும் போடலையே? (செங்காங்)

பதில்: இந்த மாசம் வந்ததுலேயே எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இதுதாங்க. முன்னூறு வருஷத்துக்கு மேல பெரிய பெரிய மூளையெல்லாம் முட்டிக்கிட்ட இடத்துல நீங்க வந்து நேரா கை வச்சிருக்கீங்க.

ஹாப்ஸைக் கேட்டா உங்க கேள்வியையே ஒதுக்கிடுவார். 1651ல அவரோட லெவியாதான் புத்தகம் வந்தப்ப இங்கிலாந்துல உள்நாட்டுப் போர் முடிஞ்சு ராஜா தலையை வெட்டி ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. புது அரசாங்கத்துக்கு விசுவாசமா இருப்பேன்னு உறுதிமொழி எடுக்கணும்னு உத்தரவு, பழைய ராஜாவுக்குச் சத்தியம் பண்ணவங்க இதுக்கும் எப்படிப் பண்றதுன்னு மனசாட்சியோட போராடிக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்குத்தான் ஹாப்ஸ் பதில் சொல்றார்: பயத்துல கொடுத்த வாக்கும் வாக்குதான், உன் உயிரைக் காப்பாத்தற வரைக்கும் அரசாங்கம் அரசாங்கம்தான். கையெழுத்தெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்ல.

அவருக்கு அப்புறம் வந்த இன்னொரு இங்கிலாந்துத் தத்துவவாதி லாக் கதை வேற. அவர்தான் உங்க கேசைக் கிட்டத்தட்ட அப்படியே பேசறார். அரசாங்கத்தைப் பத்தி அவர் எழுதின ரெண்டாவது ட்ரீட்டைஸ்ல 119வது பத்தி எடுங்க. ஒரு நாட்டுல நிலம் வச்சிருந்தாலும் சரி, ஒரே ஒரு வாரத்துக்கு ரூம் எடுத்துத் தங்கினாலும் சரி, சும்மா ரோட்டுல நடந்து போனாலும் சரி, அந்த நேரத்துக்கு அந்தச் சட்டத்துக்கு வாயால சொல்லாமலேயே சம்மதிச்சுட்டேன்னு அர்த்தம்ங்கறார். அப்ப சாங்கி ஏர்போர்ட்ல டிரான்சிட்ல இருக்கிறவரும் சம்மதிச்சவர்தான். ஆனா மூணு பத்தி தள்ளி 122ல, ஒரு வெளிநாட்டுக்காரர் ஆயுசு முழுக்க அங்கேயே அமைதியா இருந்து எல்லாச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டு நடந்தாலும் அந்தச் சமூகத்தோட உறுப்பினர் ஆயிட மாட்டார், வாயைத் திறந்து உறுதி கொடுத்து உள்ள வந்தாத்தான் உறுப்பினர்ங்கறார். உங்க பதினெட்டு வருஷத்துக்கு அவரோட பதில் அதுதான். புதுசா சிட்டிசன் ஆகறவங்க பழைய நாட்டைத் துறந்து விசுவாசப் பிரமாணம் எடுக்கறாங்க இல்லையா, அவங்கதான் லாக் சொல்ற அசல் உறுப்பினர்.

சரி, இங்கேயே பொறந்தவங்க? லாக்கோட புத்தகத்துல ஓட்டை இருக்கிறது இங்கதான். பொறக்கற குழந்தை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லன்னும் அவரேதான் சொல்றார். ஏன் அப்படிச் சொன்னார்னா, அவர் சண்டை போட்டது ஃபில்மர்ங்கறவரோட. ராஜாவோட அதிகாரம் ஆதாம்கிட்ட இருந்து அப்பா பிள்ளை வழியா வந்தது, நாமெல்லாம் பொறக்கும்போதே பிரஜைகள்தான்னு ஃபில்மர் எழுதி வச்சுட்டுச் செத்துட்டார், அது 1680ல அச்சாகி ராஜாவோட ஆளுங்களுக்குப் பெரிய ஆயுதமாப் போச்சு. அதை உடைக்கணும்னா பிறப்பால யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லன்னு சொல்லியே ஆகணும், சொல்லிட்டார், அப்புறம் சிட்டிசனாப் பொறந்து எங்கேயும் எந்த உறுதியும் கொடுக்காத கோடிக்கணக்கான பேர் யாருன்னு கேட்டா தெளிவான பதில் இல்ல. நம்ம பிள்ளைங்க பிரைமரி ஒண்ணுலேயே நெஞ்சுல கை வச்சு உறுதிமொழி சொல்லுதுங்களே, 1966ல ராஜரத்னம் எழுதினது, யாழ்ப்பாணத்துல பொறந்தவர்ங்கறதால நமக்குக் கூடுதல் பெருமை, அது கணக்குல வராதான்னு கேப்பீங்க. லாக் கணக்குல வராது, விவரம் தெரியற வயசு வந்தப்புறம் கொடுக்கற சம்மதம்தான் அவருக்குச் சம்மதம். உங்க மகன் பதினெட்டு வயசுல கேம்ப்ல சொல்லப் போற உறுதிமொழியை வேணா ஏத்துக்குவார், ஆனா மாட்டேன்னு சொல்ல வழியில்லாதப்ப சொல்றது சம்மதமான்னு அடுத்த கேள்வி வரும்.

அந்த அடுத்த கேள்வியைக் கேட்டவர்தான் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹ்யூம், 1748ல, ஒரு சின்னக் கட்டுரையில. தூங்கிக்கிட்டிருந்த ஒருத்தனைக் கப்பல்ல தூக்கிப் போட்டுட்டாங்க, கண் முழிச்சா நடுக்கடல், இறங்கணும்னா குதிச்சுச் சாகணும், அவன் இறங்கல, உடனே கேப்டன் அதிகாரத்தை அவன் மனசார ஒத்துக்கிட்டான்னு சொல்வீங்களான்னு கேக்கறார். வேத்து மொழி தெரியாத, அன்னன்னிக்குக் கூலியில பொழைக்கிற ஏழை, பிடிக்கலேன்னா நாட்டை விட்டுப் போயிருக்கலாமேன்னு சொல்றது என்ன நியாயம்ங்கறார். முதல் கேள்வியில ஏதென்ஸ் சட்டங்கள் சாக்ரடீஸ்கிட்ட சொன்ன அதே வாதம், ரெண்டாயிரத்து நூறு வருஷம் கழிச்சு அடி வாங்குது பாருங்க. அதே சமயம், நம்ம தாத்தன் பாட்டன் நாகப்பட்டினத்துல கப்பலேறினவங்க, மொழி தெரியாத ஊருக்கு வந்து பொழைச்சவங்க, ஹ்யூம் அவங்களைப் பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பார்னு நான் அடிக்கடி யோசிக்கிறதுண்டு.

என் கட்சியைக் கேட்டா, ஒப்பந்தம்ங்கறதை நடந்த சம்பவமா எடுத்தா ஹ்யூம்தான் ஜெயிக்கிறார். இந்த ஆட்சியை நியாயமானவங்க ஒத்துக்குவாங்களாங்கற சோதனையா எடுத்தா இன்னும் உயிரோட இருக்கு, ஜெர்மன் தத்துவவாதி காண்ட் அப்படித்தான் எடுத்தார், 1971ல அமெரிக்கர் ரால்ஸும் அதைத்தான் திரும்ப எழுப்பினார். உங்க மனக்குறைக்கு ஓட்டு எங்கேன்னு கேட்டா அதுக்கு இந்தப் பத்தியில பதில் இல்லைங்க, குடியுரிமை விண்ணப்பம் ஆன்லைன்லயே இருக்கு.

*

கேள்வி: மகள் தத்துவமும் அரசியலும் சேர்த்துப் படிக்கப் போறேன்ங்கறா. அக்கவுண்டன்சி எடுக்கச் சொல்லுங்க சார். (புக்கிட் பாத்தோக்)

பதில்: சொல்ல மாட்டேன் சார். நாலு பேர் நாலு விதமா சொல்ற விஷயத்தைப் படிச்சு, யார் எதை மறைக்கிறாங்கன்னு கண்டுபிடிச்சு, ரெண்டு பக்கத்துல எழுதிக் கொடுக்கத் தெரிஞ்ச பிள்ளை இந்த ஊர்ல அமைச்சுல, சட்டத்துல, பத்திரிகையில, பேங்க்லகூட வேலை பாக்குது. அக்கவுண்டன்சில மனசு இல்லாத அக்கவுண்டன்ட்டைப் பாத்துத்தான் நான் பயப்படறேன்.

*

கேள்வி: அரசியலைப் பத்தி வள்ளுவர் சொல்லாததையா இந்த வெள்ளைக்காரங்க சொல்லிட்டாங்க? பொருட்பாலைப் படிச்சா போதாதா? (தோ பாயோ)

பதில்: ஐயா, கோவிச்சுக்காம கேளுங்க. பொருட்பால்ல எழுபது அதிகாரம், அதுல பெரும்பகுதி அரசும் அமைச்சும்தான், அதை ஒழுங்காப் படிச்சவங்க பிளேட்டோகிட்ட வெறுங்கையோட போக வேண்டாம், சந்தேகமே இல்ல. ஒரு உதாரணம். 410ல ரோம் நகரத்தைக் கோத்துக்காரங்க சூறையாடிட்டாங்க, கிறிஸ்தவம் வந்ததாலதான் இப்படி ஆச்சுன்னு பழி வந்தது, அதுக்குப் பதிலா அகஸ்டின் 413ல இருந்து 426 வரைக்கும் உக்காந்து இருபத்திரண்டு பாகம் எழுதினார், கடவுளின் நகரம்னு. அதுல நாலாவது பாகத்துல ஒரு கதை. அலெக்சாண்டர் ஒரு கடல் கொள்ளைக்காரனைப் பிடிச்சு, கடலை ஏண்டா தொல்லை பண்றேங்கறார். நீ உலகத்தையே தொல்லை பண்றியே, நான் சின்னக் கப்பல் வச்சிருக்கேன் திருடன்ங்கறாங்க, நீ பெரிய கடற்படை வச்சிருக்கே பேரரசன்ங்கறாங்கன்னு அவன் பதில் சொல்றான். இதைப் படிச்சதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்?

வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும்
கோலொடு நின்றான் இரவு.

கொடுங்கோன்மை அதிகாரம், 552. வழிப்பறிக்காரன் வேலோட நின்னு கொடுன்னு கேக்கறதும், செங்கோலோட நின்னு ராஜா காசு கேக்கறதும் ஒண்ணுதான்னு ஏழே சீர்ல முடிச்சுட்டார்.

ஆனா ஐயா, வள்ளுவர் ராஜாகிட்ட நீ நல்லவனா இருன்னு சொல்றார், இல்லேன்னா என்ன ஆகும்னு எச்சரிக்கறார். ராஜான்னு ஒருத்தர் எதுக்கு இருக்கணும், அந்தக் கோலை யார் அவர் கையில கொடுத்தது, பிடுங்கற உரிமை யாருக்குன்னு கேட்டு சங்கிலி மாதிரி வாதத்தைக் கொண்டு போறது அவர் எடுத்துக்கிட்ட வேலை இல்ல. புறநானூறு 186ல மோசிகீரனார், நெல்லும் உயிர் இல்ல, நீரும் உயிர் இல்ல, மன்னன்தான் உலகத்துக்கு உயிர்ங்கறார். ஹாப்ஸும் லெவியாதான் முன்னுரையில அச்சா அதையேதான் சொல்றார், அரசுங்கற உடம்புக்கு இறையாண்மைதான் உயிர்னு. ஒரே ஒரு வித்தியாசம், ஹாப்ஸுக்கு அது மனுஷங்க சேர்ந்து செஞ்ச செயற்கை உயிர், கடிகாரம் செய்யற மாதிரி செஞ்சது. அந்த நூலோட முகப்புப் படத்தைத் தேடிப் பாருங்க, ராஜாவோட உடம்பு முழுக்கக் குட்டிக் குட்டி ஆளுங்களால ஆனது. செஞ்சது நாமன்னா பிரிச்சுப் போடவும் நமக்கு உரிமை இருக்கான்னு அடுத்தவன் கேப்பான், லாக் கேட்டுட்டார். அதனால ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க, ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வேண்டாம்ங்கறது மட்டும் வேண்டாம்.

*

கேள்வி: சுதந்திரம் சமத்துவம்னு எழுதினவங்களே நம்மளை அடிமையா வச்சிருந்தவங்கதானே. அவங்களை ஏன் படிக்கணும்? (ஜூரோங் வெஸ்ட்)

பதில்: குற்றச்சாட்டு சரி. இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கங்க. லாக், ஆப்பிரிக்காவுல அடிமை வியாபாரம் பண்ண ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனில பணம் போட்டவர். ஜான் ஸ்டூவர்ட் மில் 1823ல, பதினேழு வயசுல, லண்டன்ல கிழக்கிந்தியக் கம்பெனி ஆபீஸ்ல அப்பாவுக்குக் கீழ வேலைக்குச் சேர்ந்து, 1858ல கம்பெனி ஆட்சி முடியற வரைக்கும் அங்கேயே இருந்தவர். அப்பா ஜேம்ஸ் மில் இந்தியாவுக்கு வராமலேயே இந்திய வரலாறு எழுதினார். சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு மூணையும் 1826ல இருந்து ஆண்டது அதே கம்பெனிதான், 1867 வரைக்கும் நாம இந்தியா வழியாத்தான் ஆளப்பட்டோம். இங்க செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இஸ்தானாவையும் கட்டினது இந்தியாவுல இருந்து கப்பல்ல கொண்டு வந்த கைதிங்க.

கம்பெனி வேலை போன மறு வருஷம், 1859ல, மில் ஆன் லிபர்ட்டி வெளியிடறார். ஒருத்தர் அடுத்தவருக்குக் கெடுதல் பண்ணாத வரைக்கும் அவர் வாழ்க்கையில யாரும் தலையிடக் கூடாதுன்னு என்ன அழகா எழுதறார்! அதே முதல் அத்தியாயத்துல, இது பக்குவமடைஞ்ச சமூகங்களுக்குத்தான், காட்டுமிராண்டிகளுக்கு அவங்க முன்னேற்றம்தான் நோக்கம்னா சர்வாதிகாரமே நியாயமான ஆட்சின்னும் எழுதறார். அந்தப் பத்தியைத் தாண்டிக் குதிச்சுப் பாடம் நடத்தறவங்க நிறைய. குதிக்காதீங்க. அந்தப் பத்தி சேர்ந்ததுதான் மில்.

அப்ப ஏன் படிக்கணும்? அம்பேத்கரைப் பாருங்க. 1913ல இருந்து 1916 வரைக்கும் நியூயார்க் கொலம்பியா யூனில ஜான் டூயிங்கற தத்துவப் பேராசிரியர்கிட்ட படிச்சவர். 1936ல சாதி ஒழிப்பு பத்தி எழுதும்போது, ஒரு நாடு இன்னொரு நாட்டை ஆளத் தகுதியில்லன்னு மில்லைச் சொல்லிக்கிட்டுத் திரியற காங்கிரஸ்காரர் ஒவ்வொருத்தரும், ஒரு வர்க்கம் இன்னொரு வர்க்கத்தை ஆளத் தகுதியில்லங்கறதையும் ஒத்துக்கணும்னு திருப்பி அடிக்கிறார். 1949 நவம்பர் 25ல அரசியல் நிர்ணய சபையில பேசும்போது மறுபடியும் மில், எவ்வளவு பெரிய மனுஷனா இருந்தாலும் அவன் காலடியில உங்க சுதந்திரத்தைக் கொண்டு போய் வைக்காதீங்கன்னு. காட்டுமிராண்டின்னு தள்ளி வச்ச நாட்டுல இருந்து, அதுலயும் ஊரே தள்ளி வச்ச சாதியில பொறந்த ஒருத்தர், மில்லை வச்சே எல்லாரையும் கேள்வி கேக்கறார். படிக்காம இதைப் பண்ண முடியாது.

*

கேள்வி: நீங்க சொல்ற பட்டியல்ல ஒரு பொம்பளை பேர்கூட காணோமே? (பிடோக்)

பதில்: இருக்காங்கம்மா, பாடத்திட்டத்துல கடைசி வாரத்துக்குத் தள்ளிடுவாங்க. மேரி அஸ்டெல் 1706லயே கேட்டுட்டாங்க, ஆம்பளைங்க எல்லாரும் சுதந்திரமாப் பொறக்கறாங்கன்னா பொம்பளைங்க எல்லாரும் எப்படி அடிமையாப் பொறக்கறாங்கன்னு. மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட்டைப் படிக்கிறவங்க 1792ல வந்த பெண் உரிமைப் புத்தகத்தோட, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, பிரெஞ்சுப் புரட்சியைத் திட்டின எட்மண்ட் பர்க்கை எதிர்த்து சுடச்சுட எழுதினதையும் சேர்த்துப் படிங்க, எனக்கு அந்தக் கோபம்தான் பிடிக்கும். அப்புறம் கேரல் பேட்மன், 1988, செக்ஸுவல் கான்ட்ராக்ட். சமூக ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது அண்ணன் தம்பிங்க மட்டும்தான், அக்கா தங்கச்சிங்க வேற ஒப்பந்தத்துல ஏற்கனவே மாட்டிட்டாங்கங்கறாங்க. செங்காங் அண்ணன் கேள்விக்கு இதையும் சேர்த்துக்கலாம்.

*

கேள்வி: மாஸ்டர்ஸ் பண்றேன். ஸ்ட்ராஸ் பக்கம் போகணுமா, ஸ்கின்னர் பக்கம் போகணுமான்னு டிபார்ட்மென்ட்ல ரெண்டு கோஷ்டி. (கிளமென்டி)

பதில்: மத்தவங்களுக்காக ரெண்டே வரி. லியோ ஸ்ட்ராஸ், 1952ல, உண்மையை எழுதினா தலை போற காலத்துல தத்துவவாதிங்க வரிக்கு நடுவுல ஒளிச்சு எழுதுவாங்க, அதைத் தேடிப் படின்னார். க்வென்டின் ஸ்கின்னர், 1969ல, எல்லாக் காலத்துக்கும் பொதுவான கேள்வின்னு ஒண்ணும் கிடையாது, அந்த ஆள் அந்த நேரத்துல அந்தப் பேச்சால என்ன காரியம் பண்ணப் பாத்தார்னு கேளுன்னார்.

நான் ஸ்கின்னர் பக்கம் சாய்ஞ்சவன், மேல படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். லாக்கையே எடுங்க. அவர் புத்தகம் 1689ல வந்தது, அட்டையில 1690, பேர் போடல. இங்கிலாந்துல ராஜாவை விரட்டின 1688 புரட்சிக்கு நியாயம் சொல்ல எழுதினதுன்னு ரொம்ப காலம் பாடம் நடத்தினாங்க. பீட்டர் லாஸ்லெட் 1960ல பதிப்பிச்சப்ப, பெரும்பகுதி புரட்சிக்குப் பல வருஷம் முன்னாடியே எழுதியாச்சுன்னு காட்டினார். அப்ப அது நடந்ததுக்குச் சமாதானம் இல்ல, நடக்கப் போறதுக்கு அழைப்பு. அதே ஃபில்மரை எதிர்த்து எழுதின ஆல்ஜெர்னன் சிட்னியை 1683ல கைது பண்ணி, அவர் மேஜையில கிடந்த கையெழுத்துப் பிரதியையே சாட்சியா வச்சுத் தலையை வெட்டினாங்க, லாக் அந்த வருஷமே ஹாலந்துக்கு ஓடிட்டார். தேதி மாறினா புத்தகமே மாறிடுது. ஆனா பாருங்க, இப்படிப்பட்ட பயத்துல எழுதினவங்க எதையும் ஒளிக்கலைன்னு ஸ்ட்ராஸ்கிட்ட அடிச்சுச் சொல்லவும் முடியாது. தீசிஸுக்கு ஸ்கின்னர், ராத்திரி தூக்கம் வராதப்ப ஸ்ட்ராஸ்.

*

கேள்வி: லெவியாதான் வாங்கிட்டேன், தலையணை மாதிரி இருக்கு. முழுசாப் படிக்கணுமா, ஏஐகிட்ட சுருக்கம் கேட்டா ஓகேவா? (பொங்கோல்)

பதில்: நாப்பத்தேழு அத்தியாயம், அதுக்கு மேல முடிவுரை வேற. பின்பாதி முழுக்க பைபிளும் திருச்சபையும், அந்தக் காலத்துல அவரைத் திட்டினவங்க அதுக்காகத்தான் அதிகமாத் திட்டினாங்க, ஆனா முதல் தடவைக்கு அது வேண்டாம். முன்னுரை, 13ல இருந்து 18 வரைக்கும், அப்புறம் 21, அவ்ளோதான். சுருக்கம் கேக்கறதா இருந்தா படிச்சு முடிச்சுட்டுக் கேளுங்க, அது எங்கெங்க தப்பு விடுதுன்னு உங்களாலயே பிடிக்க முடியும், அதுலயே நல்ல பயிற்சி இருக்கு. 21ல, மரண தண்டனை நியாயமாவே கொடுத்திருந்தாலும் எதிர்த்துப் போராடற உரிமை அந்தக் கைதிக்கு உண்டுன்னு ஒரு இடம் வரும். இதைப் படிச்சுட்டு க்ரைட்டோவை மறுபடியும் எடுத்துப் பாத்துட்டு எனக்கு எழுதுங்க, அடுத்த இதழுக்கு 15ஆம் தேதிக்குள்ள வந்துடணும்.